மெத்தையில் குழி விழுவது ஏன்?

மெத்தை வாங்கி இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் படுக்கும் இடத்தில் குழி விழுந்துவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் வேப்பமர நிழலில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலும் தொய்கிறது. ஆனால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் அது பழையபடி விறைப்பாகிவிடுகிறது. கடையில் கையால் அழுத்திப் பார்த்தபோது துள்ளி எழுந்த மெத்தை மட்டும் ஏன் அப்படி நிமிர்வதில்லை? அழுத்திப் பார்த்த கைக்கு மிக இதமாகத் தெரிந்த மெத்தையே பல சமயம் முதலில் குழிந்துபோவது எதனால்? படுக்கை உடலுக்கு என்ன செய்கிறது, உடல் படுக்கைக்கு என்ன செய்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

அறுபது கிலோ எடையுள்ளவர் நின்றாலும் படுத்தாலும் எடை மாறுவதில்லை. அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதே மாறுகிறது. ஓர் இடத்தில் விழும் பாரத்தை அந்த இடத்தின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். சிமெண்ட் தரையில் கோரைப்பாய் விரித்து மல்லாந்து படுப்பவரின் உடல், பின்தலை, தோள்பட்டை எலும்பு, பிட்டம், கெண்டைக்கால், குதிகால் என்று சில இடங்களில்தான் தரையைத் தொடும். இடுப்பின் வளைவுக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கை தாராளமாக நுழையும். அறுபது கிலோவும் அந்தச் சில இடங்களில் குவிகிறது. ஒருக்களித்துப் படுத்தால் குவியல் இன்னும் கூடும். தோளும் இடுப்பெலும்பும் ஏறக்குறைய முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கும்.

அழுத்தம் கூடினால் வலிப்பது ஏன் என்பதற்கு விடை தோலுக்கடியில் ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. தலைமயிரைவிட மெல்லிய இந்தக் குழாய்கள்தான் தோலுக்கும் தசைக்கும் இரத்தம் கொண்டுசேர்ப்பவை. யூஜின் லாண்டிஸ் என்ற உடலியல் அறிஞர் 1930-ல் நகக்கண் ஓரத்து நுண்குழாய்களுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி, உள்ளே இரத்தம் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று அளந்தார். இரத்தம் நுழையும் முனையில் அது சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரச அளவு இருந்தது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 120 என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். வெளியிலிருந்து இதைவிடக் கூடுதலான அழுத்தம் நெடுநேரம் விழுந்தால் குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்படலாம். ஆளுக்கு ஆள், உடலின் இடத்துக்கு இடம் இந்த எல்லை மாறும். 32 என்பதை எல்லாருக்கும் பொதுவான கோடாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் இரத்த ஓட்டம் தடைப்படுவதை உடல் உணர்ந்துகொள்கிறது. இரத்தம் குறைந்த இடத்திலிருந்து நரம்பு செய்தி அனுப்ப, தூங்குபவர் விழிக்காமலேயே புரண்டு படுக்கிறார். அப்படிப் புரள முடியாத நோயாளிகளுக்குத்தான் படுக்கைப்புண் வருகிறது. நல்ல மெத்தை, பாரத்தை அகலமான பரப்பில் பரப்பி, புரள வேண்டிய தேவையைக் குறைக்கிறது.

அப்படியானால் எவ்வளவு மிருதுவோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். மோகனூர்ப் பக்கம் காவிரி மணலில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் தெரிந்திருக்கும். மணல் உடம்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப விலகி இடம் கொடுக்கும். படுத்த சில நிமிடம் சுகமாக இருக்கும். ஆனால் இடுப்பு கனமானது, அது ஆழமாகப் புதையும். கால் இலேசானது, மேலேயே நிற்கும். முதுகெலும்பு கயிற்றுத் தூளி போல வளைந்துவிடும். எழுந்த பிறகும் அந்தக் குழி அப்படியே கிடக்கும். கருங்கல் திண்ணை இதற்கு நேர் எதிர்: கொஞ்சமும் இடம் கொடுக்காது, தானும் உருமாறாது. மெத்தைக்கு இரண்டு குணமும் வேண்டும். அமுங்க அமுங்கத் தடை கூட வேண்டும். பாரம் நீங்கியதும் பழைய உருவுக்கு வர வேண்டும். இந்த இரண்டாவது குணத்தை இயற்பியல் மீள்தன்மை என்கிறது.

எவ்வளவு அமுங்கினால் போதும் என்பதை மருத்துவர்களே நெடுங்காலம் அனுமானத்தில்தான் சொல்லி வந்தனர். முதுகுவலிக்காரர்கள் பலகையில் படுக்க வேண்டும் என்ற அறிவுரை தமிழ்நாட்டிலும் பரவலாக இருந்தது, இன்றும் இருக்கிறது. 2003-ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் பிரான்சிஸ்கோ கோவாக்ஸும் அவரது குழுவினரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை, சீட்டுக் குலுக்குவது போல, இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கடினமான மெத்தை, மற்றதற்கு நடுத்தரக் கடினம். யாருக்கு எது வந்தது என்பது படுத்தவர்களுக்கும் தெரியாது, வலியைக் கணக்கெடுத்தவர்களுக்கும் தெரியாது. முன்கூட்டிய நம்பிக்கை விடையைக் கெடுத்துவிடாமல் இருக்க இந்த மறைப்பு அவசியம். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குப் படுத்திருக்கும்போது வரும் வலியும், காலையில் எழும்போது வரும் வலியும், அன்றாட வேலையில் ஏற்படும் சிரமமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. பலகைதான் மருந்து என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை.

நடுத்தரம் என்பதும் ஆளைப் பொறுத்ததே. நாற்பது கிலோ உள்ளவருக்குக் கட்டாந்தரை போல் தெரிகிற மெத்தையில் தொண்ணூறு கிலோ உள்ளவர் புதைந்துபோகலாம். மல்லாந்து படுப்பவரின் இடுப்பு வளைவுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பது எளிய சோதனை. கை தடையில்லாமல் ஓடினால் மெத்தை அவருக்குக் கடினம். நுழையவே மறுத்தால் மிருது அதிகம். இலேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுப்பவருக்குப் பின்னால் நின்று இன்னொருவர் பார்க்க வேண்டும்; கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஏறக்குறைய நேர்கோட்டில் கிடக்க வேண்டும். கடையில் அரை நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதால் இவற்றில் எதுவும் தெரியாது. வழக்கமாகத் தூங்கும் நிலையில் கால் மணி நேரமாவது படுத்துப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் முதல் நாள் சுகத்தைச் சொல்லும் சோதனைகள். ஐந்தாம் ஆண்டு அந்தச் சுகம் மிஞ்சுமா என்பதை அறிய மெத்தையின் உள்ளே போக வேண்டும். எந்த மெத்தையானாலும் அதில் பெரும்பகுதி காற்றுதான். காற்றை அடைத்து நிறுத்தியிருக்கும் சுவர்களும் இழைகளும்தான் விலை கொடுத்து வாங்கும் பொருள். குழி விழுந்த இடத்தில் அந்தச் சுவர்கள் தளர்ந்து, காற்றுக்கு இருந்த இடம் போய்விட்டது.

இன்று கடைகளில் அதிகம் விற்கும் ஃபோம் மெத்தையிலிருந்து தொடங்கலாம். அதன் பொருள் பாலியூரித்தேன். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் 1937-ல் கண்டது. அது மெத்தையாகும் விதம் இட்லி மாவு பொங்குவதை ஒத்தது. மாவில் நுண்ணுயிர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளாகி மாவை உப்ப வைக்கிறது. ஃபோம் தொழிற்சாலையில் இரண்டு திரவ வேதிப்பொருள்களோடு கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறார்கள். தண்ணீர் வேதிவினையில் ஈடுபட்டு அதே கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. கலவை சில நிமிடங்களில் பொங்கி இறுகுகிறது. தண்ணீர் கூடினால் வாயு கூடும். அதே அளவு வேதிப்பொருளில் பெரிய கட்டி கிடைக்கும். அந்தக் கட்டியின் குமிழிச் சுவர்கள் மெலிந்திருக்கும்.

ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதே அதன் அடர்த்தி. கடைக்காரர்கள் ‘முப்பத்திரண்டு டென்சிட்டி’, ‘நாற்பது டென்சிட்டி’ என்று சொல்வது இதைத்தான். துளையில்லாத கெட்டிப் பாலியூரித்தேன் ஒரு கன மீட்டர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை வரும். ஆகவே 32 கிலோ அடர்த்தியுள்ள ஃபோமில் நூற்றுக்கு 97 பங்கு காற்று, மூன்று பங்குதான் பொருள். 20 கிலோ என்றால் இரண்டு பங்குக்கும் குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கைக்கும் ஒன்றுபோலவே இருக்கலாம் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. அடர்த்தி வேறு, கடினம் வேறு. வட்டத் தட்டு ஒன்றை ஃபோமின் மேல் வைத்து, தடிமனில் குறிப்பிட்ட பங்கு அமுங்கும் வரை அழுத்தி, அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்ப்பது கடினத்தின் அளவீடு. வேதிப்பொருள்களின் சேர்மானத்தை மாற்றி, அடர்த்தி குறைந்த ஃபோமைக் கடினமாகவும், அடர்த்தி மிகுந்ததை மிருதுவாகவும் செய்ய முடியும். அரிசியும் உளுந்தும் சேரும் அளவை மாற்றினால் இட்லியின் பதம் மாறுவது போல. மெல்லிய சுவர்களை வேதியியலால் விறைப்பாக்கிய ஃபோம் கடையில் நல்ல தாங்குதிறன் உள்ளது போல் நடிக்கும். சில மாதம் இரவுதோறும் மடங்கி நிமிர்ந்தபின் சுவர்கள் மடிந்த இடத்திலேயே தளர்ந்துவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது கடினத்தை மட்டுமே சொல்லும். ஆயுளைச் சொல்ல அதற்கு வழியில்லை. தொடக்கத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுதான் விடை.

ஆயுள் குறைவதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, துணி காயப்போடும் கொடிக்கயிறு நாளாவட்டத்தில் தாழ்வது போன்றது. பாரம் ஒரே அளவாக இருந்தாலும், நேரம் ஆக ஆகப் பொருள் மெல்ல மெல்ல நீளும் அல்லது அமுங்கும். பொருளறிவியலில் இதற்கு ஊர்வு என்று பெயர் சொல்லலாம். மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று மெதுவாக நகர்ந்து புது இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. பாரம் நீங்கினாலும் அவற்றில் ஒரு பகுதி திரும்பி வருவதில்லை. அந்த மீளாத பகுதியை நிலைத்த அமுக்கம் எனலாம். மெத்தையில் காணும் குழி என்பது நிலைத்த அமுக்கமே. இரண்டாவது காரணம் சோர்வு: ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவது போல, ஆயிரக்கணக்கான தடவை மடங்கும் சுவர்களில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன.

பத்தாண்டுப் பயன்பாட்டை ஆய்வுக்கூடத்தில் சில நாளில் அறிய வழி உண்டு. ஃபோம் துண்டை இரண்டு தட்டுகளுக்கு நடுவே பாதித் தடிமனுக்கும் குறைவாக நெருக்கி, 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 22 மணி நேரம் வைப்பார்கள். பிறகு விடுவித்து, அரை மணி கழித்து அளப்பார்கள். தொடக்கத் தடிமனில் எவ்வளவு திரும்பவில்லையோ அதுவே நிலைத்த அமுக்கத்தின் அளவு. வெப்பத்தில் மூலக்கூறுகள் விரைவாக நகர்வதால் காலம் சுருங்குகிறது. சோர்வை அறிய உருளைச் சோதனை உண்டு. ஐரோப்பியத் தரமுறை ஒன்றின்படி, 140 கிலோ பாரம் தரும் பீப்பாய் வடிவ உருளையை மெத்தையின் மேல் 30,000 தடவை முன்னும் பின்னும் ஓட்டி, உயரமும் கடினமும் எவ்வளவு குறைந்தன என்று பார்க்கிறார்கள். இந்தியாவிலும் வீட்டு மெத்தைக்கான பாலியூரித்தேன் ஃபோமுக்கு ஐ.எஸ். 7933 என்ற தரமுறை இருக்கிறது.

வெப்பம் ஊர்வை விரைவாக்கும் என்பது சேலம், நாமக்கல் மக்களுக்கு வெறும் ஆய்வுக்கூடச் செய்தி ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தச் சமவெளியில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே உள்ள மாடி அறையில் இரவிலும் அந்தச் சூடு இறங்குகிறது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். வெயிலில் நிறுத்திய லாரிக் கேபினுக்குள் வெப்பம் 50 பாகையைக் கடப்பது சாதாரணம். ஓட்டுநர் படுக்கும் ரெக்சின் உறை போட்ட ஃபோம் பலகை, வீட்டு மெத்தையைவிட விரைவில் தட்டையாவதில் வியப்பில்லை. வாழ்நாளில் பாதி இரவை அங்கே கழிப்பவருக்கு வீட்டுக் கட்டிலுக்கு வாங்குவதைவிட அடர்த்தி கூடிய ஃபோம் தேவை. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

‘மெமரி ஃபோம்’ என்று விற்பதும் பாலியூரித்தேனின் ஒரு வகையே. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைப் பணியில், 1966-ல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது. தேன் போலத் தயங்கி நகரும் பாகுத்தன்மையும் ரப்பர் போல மீளும் தன்மையும் அதில் கலந்திருப்பதால் பாகுமீள்மை என்று இக்குணத்தைச் சொல்லலாம். உடல் சூட்டில் இளகி உடம்பின் வடிவை ஏற்கும். கையை எடுத்தால் பதிவு மெல்ல மறையும். அழுத்தத்தைப் பரப்புவதில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் இளகல் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்நாட்டு அறையில் அளவாக இளகும் மெத்தை சேலத்து மே மாத இரவில் கூடுதலாக இளகிப் புதைய வைக்கும். உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொள்வதால் சூட்டையும் வெளியே விடாது. குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்கு இது ஏற்றதில்லை. தேவையென்றால் கெட்டியான அடித்தளத்தின் மேல் ஓர் அங்குல அடுக்காக இருந்தால் போதும்.

பரமத்திவேலூர்ப் பகுதியில் காவிரிக் கரையெங்கும் தென்னை. அந்தத் தேங்காய் மட்டையின் நாரிலிருந்து வருவது கயிற்றுநார் மெத்தை. கடைகளில் ‘காயர்’ மெத்தை. தென்னை நாரில் ஐந்தில் இரண்டு பங்கு லிக்னின். மரத்துக்கு உறுதி தரும் அதே பொருள். அதனால் நார் விறைப்பாக இருக்கும். ஈரத்தில் எளிதில் அழுகாது. நாரை முறுக்கிக் கயிறாக்கி, முறுக்கு நாரில் பதிந்தபின் பிரித்தால் ஒவ்வொரு நாரும் சுருள்கம்பி போலச் சுருண்டிருக்கும். அந்தச் சுருள்களைப் பரப்பி, ரப்பர் பால் தெளித்து, அழுத்தி, சூடேற்றினால் நாரும் நாரும் தொடும் இடமெல்லாம் ரப்பர் முடிச்சு விழுந்து பலகையாகிறது. நார்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாகப் புகும். இந்தச் சமவெளியின் வெப்பத்துக்கு இது நல்ல பொருள். அதன் பலவீனம் நாரில் இல்லை, ரப்பர் முடிச்சில் இருக்கிறது. காற்றின் ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து ரப்பரை நாளடைவில் மொறமொறப்பாக்கும்; முடிச்சு உடைந்தால் பழுப்புத் தூள் உதிரும், பலகை அந்த இடத்தில் அமிழும். ரப்பரின் பங்கு குறைந்த மெத்தையில் இது சீக்கிரம் நடக்கும். ஓரத்தை விரல்களால் பிடித்து உதறிப் பார்த்து, தூள் கொட்டினால் வாங்காமல் விடுவது நல்லது.

இலவம்பஞ்சின் கதை வேறு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இதன் பெரிய சந்தை. அங்கிருந்து வருவதாகச் சொல்லி வண்டியில் மெத்தை ஏற்றித் தெருத்தெருவாக விற்பவர்கள் சேலத்துக்கும் வருகிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இலவ இழை ஓர் உறிஞ்சுகுழல்: மெல்லிய சுவர், உள்ளே முழுக்கக் காற்று, வெளியே மெழுகுப் பூச்சு. பருத்தி இழையோ காய் வெடித்து உலரும்போது தட்டையாகி, முறுக்கிய நாடாவாகிவிடுகிறது. உள்ளே காற்றும் வெளியே மெழுகும் இருப்பதால் இலவம்பஞ்சு தண்ணீரில் மிதக்கும். ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். வியர்வையைப் பருத்தி அளவுக்கு இது உறிஞ்சாது.

ஆனால் அந்த மெல்லிய சுவர் நசுங்கினால் முழுதாக மீளாது. இழை வழுவழுப்பாக இருப்பதால் ஒன்றோடொன்று பிணையாமல் நகர்ந்து ஓரங்களில் கட்டி தட்டும். மெத்தையின் குறுக்கே ஊசி விட்டு ஆங்காங்கே முடிச்சுப் போடுவது இந்த நகர்வைத் தடுக்கத்தான். பருத்தி மெத்தையில் முடிச்சு போதாது. சட்டையில் சுருக்கம் விழுவது போல, ஈரமும் அழுத்தமும் சேர்ந்து இழைகள் மடிந்த நிலையிலேயே பதிந்துவிடும். பஞ்சு கொட்டுபவர்கள் வில்லின் நரம்பால் அதைத் தட்டிப் பிரித்தபோது, நெருங்கிய இழைகளுக்கு நடுவே மறுபடி காற்றைத்தான் புகுத்தினார்கள். கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டை இழுத்துக் கட்டுவதும் இதே வகை. இரண்டிலும் ஊர்வு நடக்கிறது, இரண்டிலும் அதைக் கையால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஃபோமில் சுவர் உடைந்தால் திருத்த வழியில்லை. பழைய படுக்கைகள் தலைமுறை தாண்டி இருந்ததற்குப் பொருளின் உறுதியைவிட இந்தத் திருத்தும் வசதியே காரணம்.

சேலம், நாமக்கல் பக்கம் நூற்பாலைகள் நிறைந்த பகுதி ஆதலால் கழிவுப் பருத்தியை இலவம்பஞ்சு என்று விற்பதற்கும் இடமுண்டு. விளக்குத் திரி திரிப்பது போலப் பஞ்சை விரல்களுக்கிடையே முறுக்கிப் பார்த்தால் பருத்தி முறுக்கிக்கொண்டு நிற்கும். இலவம் வழுக்கிப் பிரிந்துவிடும். இலவ இழையில் பட்டு போன்ற பளபளப்பும் இருக்கும். கொஞ்சம் பஞ்சைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கசக்கிவிட்டால், பருத்தி ஈரத்தை ஏற்று மூழ்கத் தொடங்கும். இலவம் மேலே வந்து மிதக்கும். மெத்தையின் தையலை ஒரு மூலையில் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

சுருள்கம்பி மெத்தையில் எஃகு கடைசியாகத்தான் கெடும். லாரியின் கமான் பட்டை அளவான பாரத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. மீள் எல்லை என்ற வரம்பைத் தாண்டி ஏற்றினால்தான் நிரந்தரமாகத் தட்டையாகிறது. மெத்தைக் கம்பிக்கு மனித எடை அந்த எல்லைக்கு வெகு கீழே. கம்பிக்கு மேல் போட்ட ஃபோம் அடுக்கு மட்டமானதாக இருந்தால் அதுதான் முதலில் தட்டையாகும். பிறகு கம்பி முதுகில் குத்தும். கம்பி மெத்தை வாங்குபவரும் ஃபோமின் அடர்த்தியையே விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருக்கும் வகையில் ஒருவர் புரண்டால் அடுத்தவர் அசைய மாட்டார்.

சமவெளியில் சுகமான தூக்கத்துக்கு அழுத்தத்துக்கு இணையான இன்னொரு கணக்கு, சூடு. ஓய்வில் இருக்கும் உடல் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுக்கு, ஏறக்குறைய 70 முதல் 80 வாட், வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்துக்கு உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஓர் இரவில் சுமார் ஒரு தம்ளர் தண்ணீர் ஆவியாகிறது. அதில் ஒரு பங்கு மெத்தைக்குள் போகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் மெத்தை புழுங்கும், நாறும், தூசிச் சிற்றுண்ணிகளும் பூஞ்சையும் பெருகும். கோரைப்பாய் குளிர்ச்சி என்று சொல்வதன் காரணமும் இங்கேதான். பாய்க்கென்று தனிக் குளிர்ச்சி கிடையாது. மெல்லியதாக இருப்பதால் உடலின் சூட்டைத் தரைக்குக் கடத்துகிறது, கனமான தரை அதை வாங்கிக்கொள்கிறது. ஆறு அங்குல ஃபோம் அந்தக் கடத்தலை ஏறக்குறைய முழுதும் நிறுத்திவிடும். ஃபோம் மெத்தையின் மேல் பருத்தித் துணியோ பவானி ஜமக்காளமோ விரிப்பது வியர்வையை உறிஞ்ச உதவும். ரெக்சின் உறையும் பிளாஸ்டிக் உறையும் கேடு. வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் பல மாதம் படுப்பவர்கள் புழுக்கத்துக்கு மெத்தையைக் குறை சொல்வதில் பயனில்லை.

மெத்தையைச் சிமெண்ட் தரையில் நேராகப் போட்டால் ஆவி அடியில் தேங்கும். இடைவெளி விட்ட பலகைக் கட்டில் நல்லது. இடைவெளி நான்கு விரற்கடைக்கு மேல் போனால் ஃபோம் அதற்குள் பிதுங்கி அங்கும் ஊர்வு தொடங்கும். பஞ்சு மெத்தையை மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டுவது ஈரத்தையும் உண்ணிகளையும் குறைத்து இழைகளை விரிக்கிறது. பாட்டிமார் செய்த வேலைக்கு அறிவியல் ஒப்புதல் முழுதும் உண்டு. ஃபோமையும் ரப்பர் பூசிய நாரையும் நேர்வெயிலில் போடக் கூடாது; புறஊதாக் கதிர் அவற்றைச் சிதைக்கும். காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைத்தால் போதும். உடல் எடையில் பெரும்பங்கு இடுப்புப் பகுதியில் விழுவதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட்டால் பாரம் ஒரே இடத்தில் விழாமல் குழி தள்ளிப்போகும்.

மெத்தை வாங்குபவரே அடர்த்தியைச் சரிபார்க்கலாம். ஆறடி நீளம், நான்கடி அகலம், ஆறு அங்குலத் தடிமன் உள்ள முழு ஃபோம் மெத்தையின் கன அளவு ஏறக்குறைய 0.34 கன மீட்டர். உறை நீங்கலாக அது 40 அடர்த்தி என்றால் 13½ கிலோவும், 32 என்றால் 11 கிலோவும், 20 என்றால் 7 கிலோவும் இருக்க வேண்டும். 40 என்று சொல்லி விற்ற மெத்தை தராசில் 8 கிலோ காட்டினால் சொன்னது பொய். எடை சரியாக இருந்தாலும் ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புப் பொடி போன்ற நிரப்பிகளைக் கலந்து எடையைக் கூட்ட முடியும், அதனால் சுவர் வலுப்பதில்லை. பல நிறத் துண்டுகளைப் பசையில் ஒட்டிய ஃபோமும் கனமாக இருக்கும். அது கெட்டியான அடித்தளத்துக்கு நல்லது, உடம்பு படும் மேலடுக்குக்கு உகந்ததில்லை.

தராசு காட்டாததைக் காட்ட நிலைத்த அமுக்கத்தின் எண் ஒன்றால்தான் முடியும். அது உற்பத்தியாளரிடம் இருக்கிறது, வாங்குபவரிடம் வருவதில்லை. கடையில் ஒட்டியிருக்கும் சீட்டில் பூப்படமும் உத்தரவாத ஆண்டும் இருக்கும். குழி எத்தனை அங்குலம் விழுந்தால் அந்த உத்தரவாதம் செல்லும் என்பது சிறு எழுத்தில் இருக்கும். மெத்தை வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் அடர்த்தி, கடினம், நிலைத்த அமுக்கம் ஆகிய மூன்று எண்களையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.